வேகமாக்கிக் கொடுத்த கம்ப்யூட்டர்

ஏற்காட்டில் மழைக்காலம் வந்தால் துணி காயாது, தீக்குச்சி பற்றாது, அலமாரிக்குள் வைத்த தோல் செருப்பில் வெள்ளையாய்ப் பூஞ்சை பூத்துவிடும். கம்ப்யூட்டரை மட்டும் ஈரம் விட்டுவைக்குமா? இங்கே பாதிப் பேர் அதை அணைக்கவே மாட்டார்கள். ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே சூடு இருக்கும், சூடு இருந்தால் ஈரம் அண்டாது என்று ஒரு கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் மலையில் காற்றடித்தால் மரம் விழும், மரம் விழுந்தால் கரண்ட் போகும். அணைக்காமல் விட்ட கம்ப்யூட்டர் அப்டேட் பாதி ஏறியிருக்கும்போது அப்படியே நின்றுவிடும். அப்புறம் அது என் கடைக்கு வரும்.

பஸ் நிலையத்திலிருந்து ஏரிக்குப் போகிற வழியில் என் கடை. என்னைப் பெற்ற அத்தா மளிகை வைத்திருந்த இடம். அவர் காலத்துக்குப் பிறகு பருப்பு மூட்டைகளை அகற்றிவிட்டு ஒரு ஜெராக்ஸ் மெஷினும் இரண்டு கம்ப்யூட்டரும் போட்டேன். நகல் எடுப்பது, அரசாங்க விண்ணப்பம் போடுவது, பழைய கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது. மூன்றாவது வேலைதான் எனக்கு உயிர். உயிராக இருந்தது என்று இப்போது சொல்ல வேண்டும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். “ஒண்ணுமே பண்ணலீங்கக்கா, தானா நின்னுக்குச்சு” என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒன்றுமே பண்ணாமலா இத்தனை குப்பை சேர்ந்தது என்று கேட்டுவிடுவேன். பழைய கம்ப்யூட்டர் எழுந்து வர ஏன் பத்து நிமிடம் ஆகிறது? கரண்ட் வந்த உடனே, யாரும் கூப்பிடாமலே, இருபது புரோகிராம்கள் தானாக எழுந்து வந்து உட்கார்ந்துகொள்கின்றன. அதற்கென்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலைத் திறந்து, அழையா விருந்தாளிகளை ஒவ்வொன்றாக நிறுத்துவதில் எனக்கு ஒரு சந்தோஷம். கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து ஆட்களை எழுப்பி அனுப்புகிற சந்தோஷம். கெட்ட குணம்தான். ஆனால் அதனால் எனக்கு ஊரில் பேர் இருந்தது. அந்த அக்காவிடம் கொடுத்தால் வண்டி பறக்கும் என்பார்கள்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசியில் அவர் வந்தார். சேர்வராயன் கோயில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் காப்பியும் மிளகும் சாமையும் போடுகிற மலை விவசாயி. அறுபத்தைந்து வயது இருக்கும். கம்ப்யூட்டரின் டப்பாவை மட்டும் காப்பிச் சாக்கில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். இங்கே எல்லாரும் டப்பாவை மட்டும்தான் கொண்டுவருவார்கள். மானிட்டரையும் மற்றதையும் வீட்டிலேயே விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் சொல்லிப் பழக்கியிருந்தேன், கடையில் இடம் இல்லை என்று.

“ஏனுங்கம்மா, மூணு நாளா எந்திரிக்க மாட்டேங்குதுங்க. கறுப்பா நின்னு ஒரு வட்டம் சுத்திக்கிட்டே கெடக்குதுங்க” என்றார்.

“இத எதுக்குங்கய்யா வச்சிருக்கீங்க? எழுதவா, கணக்குப் பாக்கவா?”

நான் கேட்கத்தான் செய்தேன். அதைப் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்போது கடையில் அவருடைய பங்காளி ஒருவர் ஆதார் நகலுக்காக நின்றிருந்தார். பெரியவர் அவரைப் பார்த்தார், பிறகு டப்பாவைப் பார்த்தார்.

“சும்மாதாங்க. ஊட்டுல கெடக்குதுங்க” என்றார்.

சும்மா கிடக்கிற கம்ப்யூட்டருக்காக மழையில் ஒரு மனிதர் ஏன் பஸ் ஏறி வருகிறார்? அதை நான் யோசிக்கவில்லை. ரிப்பேர் என்றால் என் மூளை டப்பாவுக்குள் போய்விடும், எதிரில் நிற்கிற ஆள் தெரியமாட்டார்.

அன்று மத்தியானமே பிரித்தேன். உள்ளே ஒரு பல்லி காய்ந்து கிடந்தது. ராம் என்கிற மெமரிப் பலகையை எடுத்து ரப்பரால் துடைத்தேன். பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தால் டிஸ்க் நன்றாகவே இருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம்தான் பாதி அப்டேட்டில் முறிந்திருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது சுலபம், சின்னப் பிள்ளைகூடச் செய்யும். நான் அப்படிச் செய்வதில்லை. கறுப்புத் திரையில் கட்டளை கொடுத்து, கெட்டுப்போன ஃபைல்களைத் தேடி மாற்ற வைத்தேன். இருபது சதவீதத்தில் ஒருமுறை நின்றது, மறுபடி கொடுத்தேன், எண்பதில் நின்றது, மறுபடி கொடுத்தேன். மறுநாள் பகலில் கம்ப்யூட்டர் எழுந்துகொண்டது. பாஸ்வேர்டு கேட்கவில்லை, நேரே உள்ளே போனது. கரண்ட் வந்த நொடியே, பொத்தானைத் தொடாமலே தானாக எழும்படியும் யாரோ அமைத்திருந்தார்கள். விவரம் தெரிந்த யாரோ செய்த வேலை. பரவாயில்லையே, யாரப்பா அது என்று நினைத்தேன். அத்தோடு விட்டுவிட்டேன்.

எழுந்து நிற்க ஒன்பது நிமிடம் ஆனது. பட்டியலைத் திறந்தேன். இல்லாத பிரிண்டருக்கு ஒரு புரோகிராம், சக்களத்திகளைப் போல ஒன்றையொன்று அடித்துக்கொண்ட இரண்டு ஆன்ட்டிவைரஸ், பாட்டுக் கேட்க ஒன்று, அப்டேட் வந்ததா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க நாலு. வீடியோவில் பேசுகிற புரோகிராம் ஒன்றும் இருந்தது. இந்தப் பெரியவர் யாருடன் வீடியோவில் பேசப்போகிறார்? எல்லாவற்றையும் நிறுத்தினேன். திரும்ப ஓட்டினால் ஒன்றரை நிமிடம்.

அவர் வாங்க வந்தபோது கடை மானிட்டரில் போட்டுக் காட்டினேன். ஒன்றரை நிமிடத்தில் வெறும் நீலத் திரை வந்து நின்றது. “பாருங்கய்யா, பறக்குது.”

“நொம்ப நல்லதுங்கம்மா” என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பை நிறைய ஆரஞ்சு கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாசியில் மறுபடி வந்தார். இந்தத் தடவை ஜீப்பில், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு. டப்பா, பழைய சேலையில் சுற்றிய மானிட்டர், ஸ்பீக்கர். ஸ்பீக்கருக்கு அடியில், ஒயர் சுற்றிய ஒரு கேமரா. உருண்டையாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு. அதை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன்.

“ஊட்டுல அவ போயிட்டாளுங்க. தை மாசம்” என்றார். “இத எல்லாம் அழிச்சுட்டு, வேணுங்கறவங்களுக்குக் குடுத்துருங்கம்மா. இனிமே மொகம் பாக்க ஆளில்லீங்க.”

“யாரு மொகமுங்கய்யா?”

கடையில் அன்று வேறு யாரும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னார். அவருக்கு ஒரே மகள். ஆறு வருடம் முன்பு வேறு சாதி ஆளைக் கட்டிக்கொண்டு பெங்களூர் போய்விட்டாள். பங்காளிகள் கூடி, அவள் இந்த வீட்டில் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவரும் தலையை ஆட்டிவிட்டார். அதன் பிறகு மகளோடு பேச்சே இல்லை. பிறகு மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. போனைப் பிடிக்க முடியாது, பொத்தானை அழுத்தவும் முடியாது. மகளுக்கு விஷயம் தெரிந்து, இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி, தெரிந்த ஆள் ஒருவரிடம் கொடுத்து அனுப்பிவிட்டாள். அந்த ஆள் கட்டிலுக்கு எதிரே வைத்து, கேபிள்காரர் தரும் இன்டர்நெட்டில் மாட்டி, சுவிட்சைப் போட்டால் போதும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாராம். காலை ஏழு மணிக்குப் பெரியவர் சுவிட்சைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் மகள் கூப்பிடுவாள், யாரும் எதையும் தொடாமலே திரையில் தானாக வருவாள். வேலைக்குக் கிளம்புகிற வரை அம்மாவும் மகளும் பேசுவார்கள். அவர் கேமராவுக்கு எட்டாமல் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

“காலு வெக்கக் கூடாதுன்னுதானுங்க சொன்னாங்க. மொகம் வரக் கூடாதுன்னு ஆரும் சொல்லலீங்க” என்றார். “ஆனாலும் பங்காளிக காதுல உழுந்தா வம்பு. அன்னிக்கு இங்க ஒருத்தர் நின்னுக்கிட்டு இருந்தாருங்களே, அதான் சும்மா கெடக்குதுன்னு சொல்லீட்டனுங்க.”

நான் நிறுத்திய அந்த வீடியோ புரோகிராம் எனக்கு அப்போதே நினைவுக்கு வந்துவிட்டது. ஆனால் அவர் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

“நீங்க பாத்துக் குடுத்தீங்களா, அதுக்கப்பறம் நொம்ப வேகமா வந்துச்சுங்க. வேகமா வந்து நீலமா நின்னுக்கும். புள்ள வரலீங்க.”

“என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேங்கய்யா!” என்று கத்திவிட்டேன். கத்த எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

“உங்க வேலையில என்னங்க கொறை சொல்றது? நல்லாத்தான ஓடுச்சு.” உண்மையாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். “அது கெட்டுப் போறதுக்கு மொத நாளு, ரெண்டு பேரும் சத்தமாப் பேசிச் சிரிச்சாங்க. வெளிய ஆளு போற நேரம். நான் கதவுக்கிட்ட இருந்து, போதும் நிறுத்து உன் நாடகத்தன்னு ஒரு சத்தம் போட்டனுங்க. புள்ள காதுல உழுந்துருச்சு. மொகம் மாறிப்போச்சு. அதனாலதான் வரலைன்னு நான் இருந்தனுங்க. என் ஊட்டுக்காரியும் அதையேதான் நெனச்சா. உன்னாலதான் என் புள்ள வரலைன்னா. அப்பறம் என்கிட்ட பேசலீங்க. மூணு மாசம். சோறு ஊட்டுனா திம்பா, பேச மாட்டா. காலையில சுவிட்சப் போடச் சொல்லிக் கையக் காட்டுவா. அந்த நீலத்தையே பாத்துக்கிட்டுக் கெடப்பா. அப்படியே போயிட்டாளுங்க.”

அவர் சொல்லிவிட்டு வெளியே ரோட்டைப் பார்த்தார். ஒரு பள்ளிக்கூட வேன் போனது.

அந்த நிமிடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவரே அழிக்கச் சொல்கிறார். அழித்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. போனவள் திரும்பி வரப்போவதும் இல்லை. அழிப்பதற்கான பென்டிரைவைக் கையில் எடுத்தும்விட்டேன். என் பேரும் என் கடையும் பிழைத்துப் போகும். ஆனால் அவர் இன்னும் இருபது வருடம், தன் வாயால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டே இருப்பார். பென்டிரைவை மேசையில் வைத்தேன்.

டப்பாவை மாட்டினேன். பட்டியலைத் திறந்தேன். நான் நிறுத்திய வரிசை அப்படியே இருந்தது. வீடியோவில் பேசுகிற புரோகிராமை மறுபடி ஓடச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆன் செய்தேன். அது எழுந்து, இன்டர்நெட்டைத் தொட்டு, விட்டுப்போனதையெல்லாம் இழுத்து வந்து வரிசையாகக் கொட்டியது. எடுக்காத அழைப்புகள், எல்லாம் சிவப்பில். காலை ஏழு ஐந்து. ஏழு பத்து. ஏழு பதினைந்து. மறுநாள் அதே போல. அதற்கு மறுநாளும். விரலால் உருட்ட உருட்ட ஓயவில்லை. கார்த்திகை முழுக்கத் தினமும். மார்கழியில் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

“என்னங்கம்மா செவப்பா இருக்குது?” என்றார்.

சொன்னேன். எதையும் குறைக்காமல் சொன்னேன். உங்கள் மகள் தினமும் கூப்பிட்டிருக்கிறாள், அவள் வருவதற்குக் கதவு மாதிரி இருந்த புரோகிராமை நான்தான் சாத்திவிட்டேன், அது என்னவென்று தெரியாமல், வேகமாக ஓட வேண்டும் என்று சாத்திவிட்டேன் என்றேன். அவருக்குப் புரிய நேரமானது. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“அப்ப நான் சத்தம் போட்டதுனால இல்லீங்களா?”

“இல்லீங்கய்யா. நான் பண்ணுனதுனால.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார். “நீங்க நல்லதுக்குத்தானுங்க பண்ணுனீங்க” என்றார். பிறகு, “அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியாமப் போயிருச்சுங்களே” என்றார். அதைத் திரும்பத் திரும்ப மூன்று தடவை சொன்னார்.

அழைப்புகளுக்கு நடுவே எழுத்தும் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கச் சொன்னார். வேண்டாங்கய்யா என்றேன். படிங்க என்றார். படித்தேன். ‘அம்மா, தெரியுதா?’ ‘கரண்ட் இல்லையாம்மா?’ ‘அப்பா, ஒரே ஒரு தடவை சுவிட்ச் போடுங்க.’ பொங்கலுக்கு முன்னால் ஒன்று. ‘அப்பா, அம்மாவுக்கு முடியலைன்னு கேள்விப்பட்டேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், பத்து நிமிஷம் போடுங்க.’ கடைசியாக, அம்மா போன பிறகு எழுதியது. ‘ஒயரைப் புடுங்கி அம்மா மூஞ்சியைக் காட்டாமயே அனுப்பிட்டீங்க. இனி நான் கூப்பிட மாட்டேன்.’

படித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

“அவ அம்மாவ எடுக்கற அன்னிக்குப் புள்ள வந்தாளுங்க. ஊட்டுக்குள்ள வரலை. ரோட்டுல பஸ் நிக்கற எடத்துலயே நின்னா. நான் பாத்தனுங்க. கூப்புடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சுத்தியும் பங்காளிக. அவ என்னையப் பாத்த பார்வை இருக்குதே... நம்ம ஊட்டுல நடந்ததுக்கு நம்மளக் கோவிக்கிறா, போவட்டும்னு நெனச்சுக்கிட்டேன். ஒயரப் புடுங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டா பாத்தா!”

அங்கேயே அவளை அழைத்தேன். மணி அடித்து நின்றது. மறுபடி அழைத்தேன். பிறகு எழுதினேன். நான் இன்னார், ஏற்காட்டில் கடை வைத்திருக்கிறேன், உங்கள் அப்பா ஒயரைப் பிடுங்கவில்லை, தப்பு என்னுடையது, தினமும் சுவிட்ச் போட்டார், அம்மா தினமும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று எழுதினேன். என் போன் நம்பரையும் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் அவள் படித்துவிட்டாள் என்பதற்கான குறி விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். எழுதுகிறாள் என்பதற்கு மூன்று புள்ளிகள் வந்தன. வந்து, நின்றன. பிறகு வரவில்லை.

ஏன் பதில் இல்லை என்று நான் பல நாள் யோசித்தேன். அப்பா யாரோ ஒரு கடைக்காரியைப் பிடித்துப் பொய் எழுத வைத்திருக்கிறார் என்று நினைத்திருக்கலாம். நம்பியிருந்தாலும்தான் என்ன? அம்மா மூன்று மாதம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள் என்பதைத் தெரிந்துகொண்டு ஒரு பெண் என்ன பதில் எழுதுவாள்?

அவர் டப்பாவை அழிக்க வேண்டாம் என்றார். “அந்த ஒண்ண மட்டும் உட்டுருங்கம்மா. மத்ததெல்லாம் என்னவோ பண்ணுங்க.” நான் மற்ற எதையும் தொடவில்லை. தொட எனக்குத் தைரியம் இல்லை. அந்த இரண்டு ஆன்ட்டிவைரஸ் சண்டையைக்கூட அப்படியே விட்டு, முன்பு இருந்த மாதிரியே எல்லாவற்றையும் ஓடச் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். ஜீப் ஏறும்போது மானிட்டரை அந்தச் சேலையிலேயே சுற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் யாருடைய பட்டியலிலும் கை வைப்பதில்லை. ஒவ்வொன்றாக வாசித்து, இது என்ன, இது யாருக்கு என்று கேட்கிறேன். ஆட்களுக்கு எரிச்சல் வருகிறது. அக்காவுக்கு வயசாயிருச்சு, முன்ன மாதிரி இல்லை என்கிறார்கள். பாதிப் பேர் சேலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கொண்டுபோகட்டும்.

அவர் மகளுக்கு மாதம் ஒரு தடவை என் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து எழுதுகிறேன். இப்போது படித்த குறியும் விழுவதில்லை.

போன வைகாசியில், சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வாரம், அவர் உரம் வாங்க வந்தவர் கடைப் பக்கம் எட்டிப் பார்த்தார். இளைத்திருந்தார். தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார், சட்டையும் வெளுத்ததாக இருந்தது. இப்போதெல்லாம் தினமும் காலையில் இப்படித்தான் கிளம்பி, ஏழு மணிக்குச் சுவிட்சைப் போட்டு, மனைவி படுத்திருந்த கட்டிலில் கேமராவுக்கு நேராக உட்கார்ந்துவிடுகிறாராம்.

“கம்ப்யூட்டர் எப்படிங்கய்யா ஓடுது?”

“மறுபடி மெதுவாயிருச்சுங்க. சுவிட்சப் போட்டா, அது எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஒரு டம்ளர் காப்பி குடிச்சு முடிச்சர்றேன்.”

“கொண்டாங்க. அந்தப் புரோகிராமைத் தொடாம, மத்தத மட்டும் பாத்துத் தர்றேன்.”

“வேண்டாமுங்கம்மா” என்று அவசரமாக மறுத்தார். “மெதுவாவே இருக்கட்டுமுங்க. அது வந்துக்கிட்டு இருக்கற வரைக்கும், இன்னிக்குப் புள்ள வந்துருவாளோன்னு ஒரு நெனப்பு ஓடுதுங்க. வந்து நீலமா நின்னுருச்சுன்னா, அப்பறம் நாள் பூராவும் ஒண்ணும் இல்லீங்க.”